ஆறு நாழி நெல்லும் ஒரு பொன்தட்டும்

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது. மற்றது விக்கிரவாண்டிப் பக்கம், எண்ணாயிரத்துக்கும் எசாலத்துக்கும் அண்டை ஊராக ஒதுங்கிக் கிடக்கிறது. நான் சொல்லவந்தது இந்த இரண்டாவது ஊரின் வட்டாரத்தைப் பற்றி. பிரமதேயமாக இருந்த ஊர் என்பதைப் பெயரே சொல்லிவிடும். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பாடலீசுவரர், பிரம்மபுரீசுவரர் கோயில்கள் அங்கே நிற்கின்றன. சில கல் தொலைவில் உள்ள எசாலத்தில், 1987இல் கோயில் திருப்பணிக்காக மண்ணைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளோடு ஒரு செப்பேட்டுத் தொகுதியும் வெளியே வந்தது. 15 ஏடுகள், அவற்றைக் கோத்த வளையம், வளையத்தில் முதலாம் ராஜேந்திரனின் முத்திரை. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அதைப் படித்து உலகுக்குச் சொன்னார். ஒன்பதரை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் எழுத்து அழியவில்லை. இரும்பாக இருந்தால் துருவாகிப் போயிருக்கும், ஓலையாக இருந்தால் கரையானுக்குப் போயிருக்கும்.

இதற்குப் பத்தாண்டு முன்பு, 1977இல், வேறொரு நாட்டார் வேறொரு செம்பை எடுத்துச் செதுக்கினார்கள். பன்னிரண்டு அங்குல அகலம், மேலே பொன்முலாம், உள்ளே இசைத்தட்டுக்குரிய வரிப்பள்ளம். ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள். ஒன்று அந்த ஆண்டு ஆகஸ்டு 20 அன்று புறப்பட்ட வாயேஜர் 2 விண்கலத்திலும், மற்றது செப்டம்பர் 5 அன்று புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்திலும் ஏறின. வியாழனையும் சனியையும் பார்க்கப் போன கலங்கள் அவை. வேலை முடிந்தபின் சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேறிவிடும் என்பதால், எப்போதாவது யாராவது கண்டெடுத்தால் பார்க்கட்டும், கேட்கட்டும் என்று மனிதர் வைத்தனுப்பிய ஓலை அது. 115 படங்கள், 55 மொழிகளில் வணக்கம், மழையும் தவளையும் ரயிலும் எழுப்பும் ஒலிகள், கடைசியாக ஏறக்குறைய 90 நிமிட இசை, 27 உருப்படிகள். கார்ல் சேகன் தலைமையில் ஃபிராங்க் டிரேக், ஆன் டிரூயன், திமோதி ஃபெரிஸ், ஜான் லோம்பர்க், லிண்டா சால்ஸ்மன் சேகன் ஆகியோர் சேர்ந்து செய்த வேலை.

செப்பேடு படித்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தட்டின் உறை அந்நியமாகத் தெரியாது. சோழர் கொடை ஓலையில் நிலத்துக்கு நான்கெல்லை சொல்வார்கள்: கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்கால், தென்பாற்கெல்லை இன்ன ஏரிக்கரை என்று. வாயேஜர் உறையில் பூமிக்கு எல்லை சொல்கிறார்கள். 14 துடிவிண்மீன்கள் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் துடிப்புக் காலமும் இரும எண்ணில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழர் ஓலையில் அரசனின் ஆட்சியாண்டு வரும். இங்கே உறையின் மேல் ஒரு துளி யுரேனியம் 238 பூசியிருக்கிறார்கள். அது பாதியாகச் சிதைய 451 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால், அனுப்பிய காலம் தெரிந்துவிடும். கொடையின் ஆயுளுக்குக் கல்வெட்டுகள் போடும் சொல் சந்திராதித்தவல், சந்திர சூரியர் உள்ளவரை. நம் கல்தச்சர்களுக்கு அது வழக்குத்தொடர். விண்வெளியில் தூசும் கதிரும் தட்டை அரிக்கும் வேகத்தைக் கணக்கிட்டவர்களோ, நூறு கோடி ஆண்டுக்குக் குறையாமல் அது படிக்கும் நிலையில் இருக்கும் என்கிறார்கள்.

தட்டைச் சுழற்றும் வேகமும் படமாக இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 3.6 நொடி. நொடி என்பது நமது வழக்கம் ஆயிற்றே, பிறருக்கு எப்படிப் புரியும்? ஹைட்ரஜன் அணுவின் ஒரு மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை அலகாக வைத்து அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஊசியும் கேட்ரிட்ஜும் கூடவே போயிருக்கின்றன. சுழற்றும் பெட்டியைக் கண்டெடுப்பவர்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தத் தட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது ஒரு மனத்தாங்கல்தான். 55 வணக்கங்களில் இந்தியும் வங்காளமும் மராத்தியும் உண்டு. தெலுங்கும் கன்னடமும் உண்டு. இலங்கையிலிருந்து சிங்களம் உண்டு. பேச ஆளே இல்லாத சுமேரியமும் அக்காடியமும்கூட உண்டு. தமிழ் இல்லை. மலையாளமும் இல்லை. இதில் சதி ஒன்றும் இல்லை. குரல்களில் பெரும்பாலானவை கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, அவசர அவசரமாக, கிடைத்தவர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்தவை. பூமியின் பிரதிநிதித்துவம் என்று அவர்கள் பெயர் வைத்தது, அந்த ஆண்டு ஒரு சிறிய அமெரிக்கப் பல்கலைக்கழக ஊரில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதன் கணக்கு. இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு வியப்பளிப்பது இசைப் பகுதியில் நடந்தது.

இந்தியாவின் பங்காக அந்தத் தட்டில் இருப்பது ஒரே பாட்டு. கோவாவின் கேரி என்ற ஊரில் 1892இல் பிறந்த கேசர்பாய் கேர்க்கர், பைரவி ராகத்தில் பாடிய 'ஜாத் கஹா(ங்) ஹோ'. மூன்றரை நிமிடம். பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன் என்ற இசை ஆய்வாளர். இவர் மிருதங்கத்தை ஆராய்ந்து 1965இல் முனைவர் பட்டம் பெற்றவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாலசரஸ்வதியின் தம்பிகளான மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும் புல்லாங்குழல் கலைஞர் விஸ்வநாதனும் ஆசிரியர்களாக அமர வழிசெய்தவர். அதாவது, அமெரிக்காவில் அன்று நம் இசையை உள்ளிருந்து அறிந்த ஒருசிலரில் ஒருவர். அவர் கேசர்பாயைப் பட்டியலின் தலையில் வைத்தார். தமிழ் தெரியாதவர் தமிழை விட்டுவிட்டார் என்று குறைசொல்ல இங்கே இடமில்லை. மிருதங்கம் தெரிந்தவர் கேட்டு, எடைபோட்டு, கேசர்பாயின் குரல் போதும் என்று முடிவு செய்தார். எனக்கு அந்த முடிவில் பிணக்கில்லை.

பரிந்துரை வந்துவிட்டது, தட்டு கிடைக்கவில்லை. ஆன் டிரூயன் நியூயார்க் முழுக்கத் தேடி, கடைசியில் லெக்சிங்டன் அவென்யூவில் ஓர் இந்தியக் குடும்பத்தின் வீட்டுச்சாமான் கடையில், மேசைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியில் கண்டெடுத்தார். நூறு கோடி ஆண்டுப் பயணம் அந்தப் பெட்டியில்தான் தொடங்கியது.

பைரவி என்றதும் நம்மூர் ரசிகர் காம்போதிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கும் பைரவியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்துஸ்தானி பைரவியின் சுர வரிசை நம்முடைய அனுமத்தோடியின் சுர வரிசை. ராஜரத்தினம் பிள்ளை நாதசுரத்தில் விடிய விடிய வாசித்த தோடிக்கும் கேசர்பாயின் பைரவிக்கும் படிக்கட்டு ஒன்றே, ஏறி இறங்கும் நடைதான் வேறு. போகட்டும் என்றால், அவர்கள் தோடி என்று சொல்வது நமது சுபபந்துவராளியின் படிக்கட்டு. ஒரே நாட்டில், ஒரே ஏழு சுரத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் சொல்லும் பெயர் மற்றவரிடம் வேறொன்றைக் குறிக்கிறது. இதைத்தான் 'எல்லாருக்கும் பொதுவான மொழி' என்று மேலே அனுப்பியிருக்கிறோம்.

இசை கணக்கில் நிற்பது, கணக்கு எல்லா உலகுக்கும் பொது, ஆகவே இசையும் எட்டும் என்பது அனுப்பியவர்களின் வாதம். ஜெர்மானிய வானியலாளர் செபாஸ்டியன் ஃபான் ஹோர்னர் இதை இன்னும் இறுக்கிக் கட்டினார். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் எந்த உயிரினமும் ஒரு ஸ்தாயியை 5, 12, 31 என்ற சில எண்ணிக்கைகளில்தான் வசதியாகப் பிரிக்க முடியும் என்று கணக்குப் போட்டார். கணக்கு அழகானது. ஆனால் அது 'சேர்த்து ஒலிக்கும்' என்ற இடத்திலேயே ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிடுகிறது. நாம் சுரங்களை அடுக்குவதில்லை, அசைக்கிறோம். கமகம் இல்லாத தோடி வெறும் எண்வரிசை. எத்தனை பிரிவு என்பதே நமக்குள் தீராத வழக்கு. சார்ங்கதேவர் வழியில் 22 சுருதி என்றார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சிலப்பதிகார உரைகளை ஆதாரமாக வைத்து 24 என்று நிறுவ 1916இல் பரோடா மாநாடு வரை போனார், மறு ஆண்டே 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரே மண்ணில், ஒரே வகைக் காதுகளை உடையவர்களின் நிலை இது.

ஆகவே, வேற்றுலகத்தார் என்ன செய்வார்கள் என்று கற்பனை செய்வதைவிட, பழைய இசையோலை கையில் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். அதற்கு வெகுதூரம் போகவேண்டாம். கிடைத்தவர்கள் நாமே.

ஈரோட்டுக்கு அருகே அறச்சலூரில் ஒரு குன்றுக் குகையில், பதினாறு நூற்றாண்டுக்குக் குறையாத பழமையுள்ள எழுத்து இருக்கிறது. த, தை, தா, தே என்ற அசைகள், ஐந்துக்கு ஐந்தாகக் கட்டம் கட்டினாற்போல். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் ஒன்றே வரும். எழுத்தைப் புணர்த்தவன் தேவன் சாத்தன் என்ற வண்ணக்கன், அதாவது பொன்னும் மணியும் மாற்றுப் பார்ப்பவன். 1974 நவம்பர் 16 அன்று ஃபிராங்க் டிரேக் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து 25,000 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள எம் 13 விண்மீன் திரளுக்கு அனுப்பிய செய்தியும் கட்டம்தான். 1,679 புள்ளிகள். அந்த எண்ணை 23, 73 என்ற இரண்டு பகா எண்களாக மட்டுமே பிரிக்க முடியும், ஆகவே கண்டவர் சரியாக அடுக்கிவிடுவார் என்பது எதிர்பார்ப்பு. தேவன் சாத்தனின் கட்டத்தை அடுக்க யாரும் திணறவில்லை. ஒழுங்கு முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. அது ஆட்டத்துக்கா, தாளத்துக்கா, எந்த வேகத்தில், எந்தக் கருவியோடு? தெரியாது. கட்டம் வந்தது, காலடி வரவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் உள்ளது இன்னும் பெரிய புதிர். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து, ஏழு ராகங்களுக்கான சுர வரிசைகள் நான்கு நான்காகப் பிரித்துப் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டுவித்தவன் ஓர் அரசன், ருத்ராசாரியரின் மாணவன், மாணவர் நலனுக்காகச் செய்தவன். இவ்வளவும் கல்லிலேயே இருக்கிறது. மகேந்திரவர்மனா வேறொருவனா என்பது தனிச் சண்டை. பி. ஆர். பண்டார்க்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் படித்து அச்சேற்றினார். ஒவ்வொரு சுரத்துக்கும் அகர, இகர, உகர, எகர ஏற்றங்கள் உண்டு. சில எழுத்துகளின் தலையில் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது? ஆளுக்கொரு விளக்கம் சொல்லியாயிற்று. மாணவர் நலனுக்காகவே வெட்டிய பாடம் அது. வெட்டியவனுக்கு அந்தப் புள்ளியை விளக்கவேண்டிய தேவையே தோன்றியிருக்காது. அவன் காலத்து மாணவன் ஒவ்வொருவனுக்கும் அது தெரிந்த விஷயம்.

ஓலையைப் பெற்றவர்களில் தலையாயவர் என்று நான் விபுலானந்தரைச் சொல்வேன். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892இல், கேசர்பாய் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். அறிவியல் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். யாழ் என்ற கருவியைப் பாடாத சங்கப் புலவர் குறைவு, ஆனால் அவர் காலத்தில் தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ யாழை மீட்டுவார் ஒருவரும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் வைத்துக்கொண்டு, நரம்புகளின் நீள விகிதங்களைக் கணக்கிட்டு, இல்லாத கருவியைத் தாளில் மீண்டும் கட்டினார். கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்ட 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். வாயேஜர் தட்டைக் கையில் எடுக்கும் வேற்றுலகப் புலவர் ஒருவர் செய்யக்கூடிய அதிகபட்ச வேலை இதுதான். கருவி கிடைக்கும், சுருதி கிடைக்கும். பாணன் வாசித்தது கிடைக்காது.

ஒலிப்பதிவுக்கு உரிய மரியாதையை இங்கே கொடுத்துவிட வேண்டும். கல்லால் முடியாத ஒன்றை வரிப்பள்ளம் செய்கிறது. கேசர்பாயின் அசைவு, மூச்சு, குரலின் கனம் எல்லாம் அந்தச் செம்பில் அப்படியே இருக்கின்றன, புள்ளி வைத்து விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றரை நிமிடமும் ராகத்தின் அளவில் வந்ததல்ல, பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் கொள்ளும் அளவில் வந்தது. கச்சேரியில் மணிக்கணக்கில் விரிந்ததைத் தட்டுக்காக மடித்துப் பாடினார். கேட்கும் நமக்கு அது மடிப்பு என்று தெரியும்.

பிரம்மதேசத்துக்குத் திரும்புகிறேன். அண்டை ஊரான எண்ணாயிரத்தில் அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கல்லூரிக் கல்வெட்டு என்று வரலாற்றுப் புத்தகங்களில் பெயர் வாங்கியது. 340 மாணவர், 14 ஆசிரியர், செலவுக்கு 45 வேலி நிலம். இளைய மாணவர் 270 பேரில் 40 பேர் சாமவேதம் பயில்பவர்கள்: சாந்தோக சாமத்துக்கு 20, தலவகார சாமத்துக்கு 20. சாமம் என்பது பாடப்படும் வேதம். இளைய மாணவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல். பெரிய மாணவருக்கு ஒரு குறுணி இரு நாழி. இப்படி நாழிக் கணக்கு வரைக்கும் இறங்கி எழுதிய அந்தக் கல்லில் ஒரு சுரம்கூட இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கதை. திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய உறவினரில் தகுதியானவர் அந்த இடத்துக்கு வர வேண்டும், தகுதி இல்லையென்றால் வேறு ஒருவரைப் பார்க்க வேண்டும் என்பதுவரை ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்தான். பண் எது, எப்படி இழுப்பது என்பதற்கு ஒரு வரி கிடையாது. சோழர்கள் கல்லை நம்பினார்கள், கல்லில் பாட்டு நிற்கும் என்று நம்பவில்லை. கல்லில் சம்பளத்தை எழுதினார்கள், பாட்டைத் தொண்டையில் வைத்தார்கள். எதிர்காலத்துக்கு இசை அனுப்புவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு இல்லை.

புராணமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. சிதம்பரத்தில் கரையான் அரித்தது போக எஞ்சிய ஏடுகளிலிருந்து நம்பியாண்டார் நம்பி தேவாரத்தை மீட்டார். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்துத்தான் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினம்தான் அந்த ஊர். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் கதை கட்டியவர்களுக்கு எது ஏட்டில் தங்கும், எது தங்காது என்று தெரிந்திருந்தது.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணாயிரத்து நெல் பிராமண ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அளந்த நெல். பறைக்கும் கூத்துக்கும் அந்த 45 வேலியில் ஒரு காணி நிலமும் இல்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள்: மானியம் பெற்ற தலவகார சாமத்தை இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஓதுவார் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த மானியத்தில் பங்கில்லாத கூத்து, இதே விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் வாசல்களில், ஊர் வரிப்பணத்திலும் ஆடுபவர்களின் உடம்பிலும் விடிய விடிய நிற்கிறது.

வாயேஜருக்குப் பிறகும் மனிதர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெரும்பாலும் வானொலி அலையாக. 2001இல் உக்ரைனின் யெவ்பட்டோரியாவிலிருந்து தெரமின் என்ற மின்கருவி இசை போனது. 2008 பிப்ரவரி 4 அன்று நாசா, பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்றைத் துருவ விண்மீனை நோக்கி அனுப்பியது. 2025 மே 31 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், பொன்தட்டில் இடம்பெறாமல் போன 'நீல டான்யூப்' வால்ட்ஸ் இசையை ஸ்பெயினின் செப்ரெரோஸ் நிலையத்திலிருந்து வாயேஜர் 1 இருக்கும் திசையில் ஏவியது. இவை எல்லாம் விழாக் கொண்டாட்டங்கள், நல்லதே. ஆனால் அலை கடந்துபோகும் நொடியில் ஏந்த ஆள் இல்லையென்றால் போனது போனதுதான். எசாலத்துச் செப்பேடு ஒன்பதரை நூற்றாண்டு காத்திருந்ததுபோல அது காத்திருக்காது.

செம்பு காத்திருக்கும். வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒளி இங்கே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மின்சாரம் குறையக் குறையக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துவருகிறார்கள். ஏறத்தாழ 40,000 ஆண்டு கழித்து கிளீஸ் 445 என்ற மங்கலான விண்மீனுக்கு 1.6 ஒளியாண்டு தொலைவில் அது கடந்துபோகும். அருகில் போவது என்று அவர்கள் சொல்வது அதைத்தான். தட்டின் வரிப்பள்ளம் முடியும் இடத்தில், எல்லா உலகங்களிலும் எல்லாக் காலங்களிலும் இசை செய்வோருக்கு இது என்று ஃபெரிஸ் கையாலேயே கீறியிருந்தார். வரைபடத்தில் இல்லாத எழுத்து தட்டில் எப்படி வந்தது என்று பரிசோதகர்கள் அதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். சேகன் பேசித்தான் அது ஏறியது.

கேசர்பாய் 1977 செப்டம்பர் 16 அன்று மறைந்தார், வாயேஜர் 1 கிளம்பிப் பதினோராம் நாள். பாட்டை லேசில் யாருக்கும் கொடுக்காதவர். அவரிடம் முழுமையாகக் கற்றவர் என்று பெயர்பெற்றவர் தோண்டுதாய் குல்கர்னி ஒருவர்தான். தோண்டுதாய் மும்பையில் ஒரு சிறிய வீட்டில் தம்புராவை மீட்டிக்கொண்டு, வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 2014இல் காலமானார். அவரிடம் சிறுமியாகப் போய் உட்கார்ந்த ஒருத்தி, நமிதா தேவிதயாள், பின்னாளில் அந்த அறையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.